குழந்தைவேலு சார் கொல்லாமல் விட்ட ஈக்கள்

போன மாதம் எங்கள் துறையிலிருந்து ஒரு ஆராய்ச்சி மாணவி போன் செய்தாள். பெயர் சொன்னாள், மறந்துவிட்டேன். குரல் மட்டும் நல்ல கணீரென்று இருந்தது. "அக்கா, நம்ம ஈ அறையில கே.வி.ன்னு ஒரு வரிசை பாட்டில் இருக்குதே, அது எதோட சுருக்கம்? எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தச் சொல்லிட்டாங்க, விவரம் கேக்குது" என்றாள். 'குழந்தைவேலு' என்றேன். "அது ஏதாவது ஜீனோட பேரா அக்கா?" என்றாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. குழந்தைவேலு ஜீன் இல்லை, எங்கள் துறைத் தலைவர். அவர் பெயரில் ஈக்கு ஏன் வரிசை வந்தது என்பது போனில் சொல்லி முடிக்கிற சமாச்சாரம் இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பெயர் ஜமீலா. சேலம் சூரமங்கலத்தில், ஜங்ஷனுக்குப் பக்கத்தில், எங்கள் அத்தா பெட்டியும் படுக்கை விரிப்பும் விற்கிற கடை வைத்திருந்தார். நான் விலங்கியல் படித்துவிட்டு ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் ஆய்வக டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். அங்கேயே முடி நரைத்து, அங்கேயே ஓய்வும் பெற்றேன். என்ன உத்தியோகம் என்று கேட்ட சொந்தக்காரர்களிடம் ஆரம்பத்தில் வெள்ளந்தியாக 'ஈ வளர்க்கிறேன்' என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச காலம் எனக்கு வந்த கல்யாணப் பேச்செல்லாம் அந்த ஈயோடு பறந்து போனது. அதற்குப் பிறகு 'ஆராய்ச்சியில் இருக்கிறேன்' என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

ஈ என்றால் வீட்டில் மொய்க்கிற ஈ இல்லை. கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றிக் கடுகளவில் பறக்குமே, அந்தப் பழ ஈ. அதற்குச் சாப்பாடு நாங்கள்தான் சமைக்க வேண்டும். சோள மாவு, மோகனூர்ப் பக்கத்து வெல்லம், ஈஸ்ட், கெட்டிப்பட அகர். அகர் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, நோன்பு மாதத்தில் எங்கள் வீட்டில் பால் ஊற்றிக் காய்ச்சுகிற கடல்பாசிதான் அது. நான் கிளறுகிற நேரத்தில் வாசனை வராந்தா முழுக்கப் போகும். பக்கத்து வேதியியல் துறைக்காரர்கள் எட்டிப் பார்த்து, "என்ன விசேஷம், யாருக்குப் பொறந்த நாள்?" என்பார்கள். என் முதல் இரண்டு வருடப் பயிற்சி இவ்வளவுதான்: கிளறுவது, பாட்டில் கழுவுவது, பஞ்சில் அடைப்பு உருட்டுவது, ஈயில் ஆண் எது பெண் எது என்று கண் வலிக்கப் பார்ப்பது.

எங்கள் ஆய்வகத்தின் அசல் நாயகி ஈ இல்லை, குளவி. கொசுவைவிடச் சின்னது. கொட்டாது, கடிக்காது, பார்த்தால் எறும்புக்கு இறக்கை முளைத்த மாதிரி பரமசாதுவாக இருக்கும். ஆனால் அது செய்கிற வேலையைக் கேட்டால் ராத்திரி சோறு இறங்காது. ஈயின் புழு சாப்பாட்டுக்குள் நெளிந்துகொண்டிருக்கும்போது, குளவி தன் ஊசியை இறக்கிப் புழுவின் உடம்புக்குள் ஒரு முட்டையை வைத்துவிடும். முட்டை பொரிந்து குளவிக்குஞ்சு உள்ளேயே வளரும். புழு கூடு கட்டியபின் அதை முழுக்கத் தின்று தீர்க்கும். ஈ வரவேண்டிய கூட்டிலிருந்து குளவி வெளியே வரும்.

புழுவும் சும்மா இருப்பதில்லை. அதன் இரத்தத்தில் உருண்டையான அணுக்கள் ரோந்து போய்க்கொண்டே இருக்கும். முட்டையைக் கண்டால் தகவல் பரவும். உடனே தட்டையான பெரிய அணுக்கள் உற்பத்தியாகி வந்து முட்டையைச் சுற்றி ஒட்டும். அதன்மேல் இன்னொரு அடுக்கு, அதன்மேல் இன்னொன்று. கடைசியில் எல்லாம் சேர்ந்து கறுத்து இறுகிப்போகும். முட்டை உள்ளேயே செத்துவிடும். புழுவின் தோல் கண்ணாடி மாதிரி என்பதால் அந்தக் கறுப்புப் புள்ளி வெளியிலிருந்தே தெரியும். புள்ளி தெரிந்தால் புழு ஜெயித்தது என்று அர்த்தம்.

குளவி அதற்கும் ஏற்பாடு செய்துகொண்டுதான் வரும். முட்டையோடு சேர்த்து ஒரு விஷத்தையும் ஏற்றும். அந்த விஷத்தில் வைரஸ் போலவே இருக்கிற, ஆனால் வைரஸ் இல்லாத நுண்ணிய துகள்கள் உண்டு. அவை தட்டை அணுக்களுக்குள் புகுந்து அவற்றின் உருவத்தையே குலைத்துவிடும். அணுக்கள் நீண்டு, இரண்டு முனையும் கூராகி, ஒன்றோடொன்று ஒட்ட முடியாமல் கடைசியில் வெடித்துப்போகும். இன்னொரு வகைக் குளவி உண்டு, அதற்கு விஷ வேலை அவ்வளவாக வராது. அதன் முட்டை பசை மாதிரி புழுவின் குடலோரம் ஒட்டிக்கொண்டு, ரோந்துக்காரர் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும். ஒன்று ரவுடி, ஒன்று திருடி. நாங்கள் வளர்த்தது ரவுடியை.

இப்போது குழந்தைவேலு சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருச்செங்கோட்டுப் பக்கத்து கிராமத்துக்காரர். யாரைப் பார்த்தாலும் 'ங்க' போடாமல் பேச வராது. மாணவர்கள், வாட்ச்மேன், கேண்டீன் பையன் எல்லோரும் அவருக்கு 'சாமி'. கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதை உயரும். ஒருமுறை ஒரு மாணவன் பாட்டிலுக்குப் பஞ்சு வைக்க மறந்து, அறை முழுக்க ஈ. சார் வாசலில் நின்று, "ஏனுங்க சாமி, பஞ்சு தீந்து போச்சுங்களா? நான் வேணா கடைக்குப் போயி வாங்கியாரட்டுங்களா?" என்றார். அந்தப் பையன் அன்று சாயங்காலம் வரை ஈ பிடித்துக்கொண்டிருந்தான்.

அவருடைய நல்ல குணம் ஒன்றில்தான் இந்தக் கதையே ஆரம்பிக்கிறது. குளவிக் குழாயைத் துப்புரவு செய்கிற முறையைக் கொஞ்சம் சொல்கிறேன். புழுக்கள் இருக்கிற கண்ணாடிக் குழாய்க்குள் குளவிகளை விட்டால், அவை குத்தியதில் செத்தது போக, பிழைத்தது ஈயாக முதலில் வெளியே வரும். குளவி ஆற அமர அதற்குப் பிறகுதான் வரும். அதனால் முதலில் வருகிற ஈக்களை எடுத்து அப்புறப்படுத்த வேண்டும். எடுப்பது ஒரு ரப்பர்க் குழாய் வைத்து. ஒரு முனையை வாயில் வைத்து உறிஞ்சினால் ஈ உள்ளே வந்து நிற்கும், வலைத்துணி தடுக்கும். பிறகு ஊதி சோப்புத் தண்ணீரில் தள்ளிவிட வேண்டும். வலைத்துணி கிழிந்திருந்தால் ஈ எங்கே போகும் என்று கேட்காதீர்கள், நான் இரண்டு தடவை விழுங்கியிருக்கிறேன்.

ஒரு ரமலான் மாதம் காலையில் அந்தக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நான் யோசித்துக்கொண்டு நின்றேன். நோன்பு நேரத்தில் ஈ தொண்டைக்குள் போனால் என்ன ஆகும்? சார் பார்த்துவிட்டார். "எதுக்குங்க ஜமீலாம்மா சந்தேகம்? நோம்பு முடியற மட்டும் நான் பண்ணிப்போடறேன், குடுங்க" என்று வாங்கிக்கொண்டார். பெருநாள் முடிந்தும் அவர் அந்த வேலையைத் திருப்பித் தரவில்லை. காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு குழாயாக அவரே ஈ எடுப்பார். துறைத் தலைவர் இப்படி வேலை செய்தால் யார் வேண்டாம் என்பார்கள்? நான் நிம்மதியாக வெல்லம் கிளறினேன்.

அந்தச் சமயத்தில் எங்களிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவள் கௌசல்யா. குமாரபாளையத்துப் பெண். அப்பா இல்லை. அம்மா வீட்டிலேயே விசைத்தறி ஓட்டி இவளைப் படிக்க வைத்தார். கௌசல்யா நல்ல கைக்காரி. ஒரு சொட்டு உப்புக் கரைசலில் புழுவை வைத்து, இரண்டு நுண்ணிய இடுக்கியால் தோலை ஒரே இழுப்பில் பிரித்து, இரத்தத்தை மட்டும் கண்ணாடியில் பரப்புவாள். அதற்குச் சாயமேற்றி முதன்முதலில் உருக்குலைந்த தட்டை அணுவைப் பார்த்தபோது, "அக்கா, அப்படியே தறி நாடா மாதிரி இருக்குது பாருங்க!" என்று கத்தினாள். நானும் பார்த்தேன். இரண்டு பக்கமும் கூர்ந்து, நடுவில் பருத்து, தறியில் நூலோடு குறுக்கே ஓடுகிற நாடாவேதான். அன்றிலிருந்து எங்கள் ஆய்வகத்தில் அந்த அணுவுக்குப் பெயர் நாடா.

அவளுடைய ஆய்வேடு முழுக்க அந்த நாடாவைப் பற்றித்தான். குளவியின் விஷம் அணுவை எப்படிக் குலைக்கிறது, எவ்வளவு நேரத்தில், எவ்வளவு விஷத்தில் என்று. பாதிக்கு மேல் முடித்துவிட்டாள். கடைசிச் சோதனைகள் மட்டும் பாக்கி. அப்போதுதான் குளவிகள் தோற்க ஆரம்பித்தன.

முதலில் ஒரு குழாயில் நிறையப் புழுக்களுக்குக் கறுப்புப் புள்ளி. சரி, ஏதோ ஒரு குழாய் என்று விட்டோம். அடுத்தது இன்னும் மோசம். நாடா வேண்டும் என்று இரத்தம் எடுத்தால் தட்டை அணுக்கள் கும்மென்று நல்ல ஆரோக்கியமாக இருந்தன. குளவிகளின் எண்ணிக்கை ஒவ்வொரு தலைமுறையிலும் சுருங்கியது. கரண்ட் போய்ப் போய் வருவதால் அறையின் சூடு கூடிவிட்டதோ என்று இன்வெர்ட்டர் வைத்தோம். வெல்லத்தில் ரசாயனம் கலந்திருக்கிறார்களோ என்று கடையை மாற்றினேன். குளவிக்கு வயசாகிவிட்டதோ, அதற்குக் குடிக்க வைக்கிற தேன் பிடிக்கவில்லையோ என்று தேனையும் மாற்றினோம். சொந்தப் பிள்ளைக்குக்கூட நான் அவ்வளவு பார்த்ததில்லை. ஒன்றும் பலிக்கவில்லை.

கௌசல்யாவுக்குப் பதிவுக் காலம் முடியப் போகிறது. ஒரு தடவை நீட்டிப்பு வாங்கியாயிற்று, மறுபடி தரமாட்டார்கள். அதற்குள் சோதனையை முடிக்காவிட்டால் அத்தனை வருடப் படிப்பும் பட்டமில்லாமல் போய்விடும். அவள் அம்மா வாராவாரம் போன் செய்து "எப்பக் கண்ணு முடியும்?" என்று கேட்பது எங்களுக்கும் கேட்கும். "முடிஞ்சிரும்மா" என்று சொல்லிவிட்டு வந்து மைக்ராஸ்கோப்பில் தலையைக் கவிழ்த்துக்கொள்வாள். கடைசியில் ஒரே ஒரு குழாயில் கொஞ்சம் பெண் குளவிகள் மிஞ்சின. அவை செத்தால் அவளுடைய ஆராய்ச்சியும் செத்தது.

ஒரு நாள் மத்தியானம் அவள் என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, இந்த ஈயோட வயித்தப் பாருங்க."

பார்த்தேன். வளர்ந்த ஈ. வயிற்றுக்குள் சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி. குளவி முட்டையைக் கொன்ற புழு பிழைத்து ஈயானால் அந்தத் தழும்பு அப்படியே வயிற்றில் தங்கிவிடும்.

"எந்தக் குளவிக் குழாயில வந்தது?" என்றேன்.

"குளவிக் குழாயில்ல அக்கா. ஸ்டாக் பாட்டில். இது மட்டுமில்ல, இன்னும் நெறைய இருக்குது."

ஸ்டாக் பாட்டில் என்றால் குளவியையே பார்க்காத ஈக்களை வளர்க்கிற பாட்டில். அங்கிருந்துதான் எல்லாச் சோதனைக்கும் புழு எடுப்போம். குளவியைப் பார்க்காத ஈக்குக் குளவித் தழும்பு எப்படி வரும்?

சார் டீ குடித்துவிட்டு வந்தார். அவரிடம் சொன்னோம். குனிந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நிமிர்ந்து, "கௌசல்யாங்க, கொஞ்சம் உக்காருங்க" என்றார். அவள் உட்கார்ந்தாள். அவர் நின்றார்.

"அந்தக் குளவிக் குழாயில வார ஈய நான் சோப்புத் தண்ணியில போடலீங்க."

"பின்ன என்ன சார் பண்ணினீங்க?"

"கீழ் அலமாரியில ஸ்டாக் பாட்டிலுங்களோட ஒரு காலி பாட்டில் வெச்சு, அதுல உட்டுட்டு இருந்தனுங்க. குளவி அத்தனை பேரைக் குத்தியும் தப்பிச்சு வந்த உசுருங்க. அதைப் போயி நம்ம கையால சாவடிக்கறதுக்கு மனசு வரலீங்க. எங்க கோயில்ல ஆடு துலுக்கலீன்னா வெட்டறதில்லீங்க. அவுத்து உட்டுருவோமுங்க. அந்தப் பழக்கம் கை உடமாட்டேங்குதுங்க."

கொங்குப் பக்கத்துக் கோயில்களில் பலி ஆட்டின்மேல் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்துக் குலுக்கினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். அதைத்தான் துலுக்குவது என்பார்கள். துலுக்காத ஆட்டைச் சாமியே விட்டுவிட்டதென்று அவர்கள் கோயிலில் அவிழ்த்து விடுவார்களாம். சார் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கறி சாப்பிடுகிறவர்தான். ஆனால் தப்பித்த உயிர் என்றால் அவருக்குக் கணக்கே வேறு.

அவர் சொன்னதைக் கேட்டு முதலில் கௌசல்யா சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம்தான் இருவருக்கும் உறைத்தது. குளவியை எதிர்த்து ஜெயித்த ஈக்களை மட்டும் பொறுக்கி எடுத்து அவர் பத்திரமாக வளர்த்திருக்கிறார். அந்தப் பாட்டிலுக்கு ராஜோபசாரம் வேறு. எப்போதும் ஈ நிறைந்து வழியும். நாங்கள் புதுப் பாட்டில் தொடங்க நினைத்தால், எது நிறைந்திருக்கிறதோ அதிலிருந்துதானே ஈ எடுப்போம்? இப்படியே ஒவ்வொரு பாட்டிலாக அந்த வீரர்களின் வம்சம் பரவிவிட்டது. அவற்றின் புழுக்களைத்தான் மறுபடி குளவிக்குக் கொடுத்தோம். அதிலும் தப்பித்தவை மறுபடி கீழ் அலமாரிக்குப் போயின. குளவியால் ஜெயிக்கவே முடியாத ஒரு படையை, தலைமுறை தலைமுறையாக, எங்கள் சார் இரக்கப்பட்டே உருவாக்கிவிட்டார்.

கௌசல்யா எழுந்து வராந்தாவுக்குப் போனாள். படியில் உட்கார்ந்து அழுதாள். சார் அவள் பக்கத்தில் போய் நின்று, "தப்பு என்னுதுங்க. உங்க படிப்புக்கு நான் எமனா வந்துட்டனுங்க. மன்னிச்சுக்கங்க" என்றார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவர் மத்தியானத்தில் டிபன் பாக்ஸைத் திறப்பதில்லை.

சோதனையை முடிக்க, இந்தப் படை கலக்காத பழைய ஈ வேண்டும். வெளியில் வாழைப்பழம் வைத்துப் பிடிக்கிற காட்டு ஈ உதவாது. அதில் என்ன இருக்குமோ தெரியாது. அவள் ஏற்கெனவே செய்த சோதனைகள் எல்லாம் எங்கள் பழைய ஸ்டாக்கில் செய்தவை, அதே வம்சம்தான் வேண்டும். நான்தான் கேட்டேன், யாருக்காவது முன்பு பாட்டில் கொடுத்திருக்கிறோமா என்று. சாருக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் அவருடைய பழைய மாணவி மீனாட்சி ஆசிரியையாக இருந்தாள். செய்முறை வகுப்புக்கென்று எங்கள் ஸ்டாக்கை வாங்கிப் போயிருந்தாள், அந்த ரமலானுக்கு முன்பே. போன் செய்தால் எடுக்கவில்லை. சாருக்குப் பரீட்சை மேற்பார்வை. நானும் கௌசல்யாவும் பஸ் ஏறினோம்.

மீனாட்சி எங்களைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டு, விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ அக்கா! பிராக்டிகல் முடிஞ்சு போச்சுன்னு எல்லாத்தையும் கழுவி வெக்கச் சொல்லிட்டேனே!" கௌசல்யாவின் முகத்தை அப்போது பார்க்க முடியவில்லை. மூவரும் ஆய்வகத்துக்கு ஓடினோம். அங்கே அட்டெண்டர் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "தண்ணியே வரலீங்க மேடம், எப்படிங்க கழுவறது? எல்லாம் தொட்டியிலயேதான் கெடக்குது" என்றார். நான் அந்த ஊர்த் தண்ணீர்க் குழாய்க்கு மனதார நன்றி சொன்னேன். தொட்டியில் கிடந்த பாட்டில்களில் சிலதில் பூஞ்சை பிடித்திருந்தது. ஒன்றில் மட்டும் ஈக்கள் உயிரோடு பறந்துகொண்டிருந்தன. வயிற்றில் புள்ளி இருக்கிறதா என்று கௌசல்யா அங்கேயே லென்ஸ் வைத்துப் பார்த்தாள். ஒன்றுக்கும் இல்லை.

வெயில் காலம். பாட்டிலுக்கு ஈரத்துணி சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தாள். ஊர் தாண்டுவதற்குள் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் லாரிகள் வரிசையாக ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன, பஸ் நகரவில்லை. கண்டக்டர் வந்து மடியைப் பார்த்தார்.

"ஏனுங்க, துணிக்குள்ள என்னங்க?"

"ஈங்க" என்றேன்.

"என்னதுங்க?"

"ஈங்க. பறக்குமில்லைங்க, அது."

அவர் துணியை விலக்கிப் பார்த்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சேலத்துல ஈ இல்லீங்களா?" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. அன்று காலையிலிருந்து முதல் தடவையாகக் கௌசல்யாவும் சிரித்தாள். விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் எங்களை இஞ்சின் சூடு படாத சீட்டுக்கு மாற்றி உட்கார வைத்து, சங்ககிரியில் துணியை நனைக்கத் தண்ணீர் பாட்டிலும் கொடுத்தார்.

அந்த ஈக்கள் முட்டையிட்டன. புழுக்கள் வந்தன. மிஞ்சிய குளவிகளில் பாதி அதற்குள் செத்திருந்தது. மீதியைப் புழுக்களோடு விட்டோம். நான் குர்ஆனிலிருந்து யாசீன் ஓதினேன், கௌசல்யா அர்த்தநாரீஸ்வரருக்கு வேண்டிக்கொண்டாள். சார் மட்டும் அறைக்குள்ளேயே வரவில்லை, வாசலிலேயே நின்றார். புழுக்களின் தோலுக்குள் கறுப்பு தெரிகிறதா என்று தினமும் பார்த்தோம். தெரியவில்லை. கூடுகளிலிருந்து கடைசியில் குளவிகள் வந்தன, ஒரு குழாய் நிறைய. கௌசல்யா குழாயை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் சார் கையில் கொடுத்தாள். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

பாக்கிச் சோதனைகளை முடித்தாள். அதோடு நிற்கவில்லை. "அக்கா, சார் வளர்த்த படையையும் என்னன்னு பார்த்துரலாம்" என்றாள். கோபமாகத்தான் ஆரம்பித்தாள், போகப் போக அதிலேயே மூழ்கிவிட்டாள். அந்தப் புழுக்களின் இரத்தத்தில் ரோந்து அணுக்கள் பிறவியிலேயே மிக அதிகம். குளவியின் விஷம் அத்தனை பேருக்கும் போதவில்லை. சரி, அப்படியானால் எல்லா ஈயும் ஏன் இப்படியே இருப்பதில்லை? சாதாரணப் புழுக்களையும் இவற்றையும் ஒரே குழாயில், குறைந்த சாப்பாட்டில் விட்டுப் பார்த்தாள். படைவீரர்கள் மெதுவாகத்தான் சாப்பிட்டார்கள், பாதிப் பேர் வளரவே இல்லை. காவலுக்கு ஆள் கூட்டிய வீட்டில் அடுப்படிக்கு ஆள் குறைந்துவிட்டது. அது தனி அத்தியாயமாயிற்று. பாட்டில்களுக்குக் கே.வி. என்று ஸ்டிக்கர் ஒட்டியது நான்தான். சார் பார்த்துவிட்டு, "எனக்கு இது நல்லா வேணுமுங்க" என்று மட்டும் சொன்னார். ஆனால் அந்த நாட்களில் கௌசல்யா அவரிடம் வேலையைத் தவிர வேறு பேசவில்லை. அவரும் அவள் இருக்கும்போது ஓர் ஓரமாகவே நடமாடினார். எனக்கு இரண்டு பேரையும் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. குமாரபாளையத்திலிருந்து அவள் அம்மா தறியை நிறுத்திவிட்டு வந்து, கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஓர் அம்மாள், மதுரைப் பக்கம். முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை. இங்கிலீஷில் கேள்விகள் சரமாரியாக வந்தன. கௌசல்யா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு அந்த அம்மாள் கடைசி அத்தியாயத்தைத் திருப்பினார். இந்த எதிர்ப்புள்ள வரிசை ஆய்வகத்தில் தற்செயலாக உருவானது என்று எழுதியிருக்கிறாய், தற்செயல் என்றால் எப்படி, யார் தேர்ந்தெடுத்தார்கள், எந்த முறையில் என்று கேட்டார். முறை தெரியாவிட்டால் இந்த அத்தியாயத்தை என்னால் ஏற்க முடியாது என்றும் சொன்னார்.

கௌசல்யா வாயைத் திறக்கவில்லை. சொல்லத் தெரியாமல் இல்லை, முன்வரிசையில் சார் உட்கார்ந்திருக்கிறார். அத்தனை பேராசிரியர்கள் நடுவில் அவரைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. என் பக்கத்தில் அம்மா, "என்ன கேக்கறாங்க, ஏன் புள்ள பேசாம நிக்குது?" என்று என் கையைப் பிடித்தார்.

சார் எழுந்தார். "நான்தானுங்க அம்மா" என்றார். தமிழிலேயே, ஒன்றுவிடாமல் சொன்னார். நோன்பு, ரப்பர்க் குழாய், கீழ் அலமாரி, துலுக்காத ஆடு, எல்லாம். அரங்கம் குலுங்கிச் சிரித்தது. அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

"தப்பிச்ச ஈ ஒண்ணக்கூட நீங்க கொல்லலையா சார்?"

"இல்லீங்க."

"ஒருநாள்கூட? அவசரத்துல, அலுப்புல?"

"இல்லீங்க அம்மா. தப்பிச்சதுன்னா தப்பிச்சதுதானுங்க."

"நடுவுல வேற ஈ எதையும் அந்தப் பாட்டில்ல கலக்கலையே?"

"அதுக தனியாத்தானுங்க இருந்துச்சு. அதுகளுக்குன்னு எடுத்து வெச்ச பாட்டிலுங்க."

அந்த அம்மாள் பேனாவை மூடினார். "அப்ப முறை சரியா இருக்கு. தேர்ந்தெடுப்பு பண்றவங்க பாதிப் பேரு நடுவுல சோம்பேறித்தனப்பட்டுக் கெடுத்துருவாங்க. ஒரு தலைமுறைகூட விடாம, ஒண்ணுகூடத் தவறாம பண்ணியிருக்கீங்க. இதை அப்படியே எழுதும்மா, ஆட்டையும் சேர்த்து எழுது" என்று கௌசல்யாவிடம் சொன்னார். அதற்குப் பிறகுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது.

பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். "முடிஞ்சுதுங்க, உங்க பொண்ணு டாக்டர் ஆயிட்டாங்க" என்று அம்மாவிடம் சொன்னேன். மகளிடம் போவார் என்று நான் எழுந்து வழிவிட்டால், அவர் நேராகச் சாரிடம் போய் நின்றார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"சாமி, எம்புள்ள அழுதுட்டு ஊட்டுக்கு வந்த நாள்லிருந்து, தறி ஓட்டற நேரமெல்லாம் உங்களைத் திட்டிட்டேதானுங்க ஓட்டுனேன். வாயில வந்ததெல்லாம் திட்டுனேன். இன்னையோட உட்டுடறனுங்க."

எங்கள் யாருக்கும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. சார் கையைக் கூப்பினார். கௌசல்யா வந்து அம்மாவின் தோளைப் பிடித்தாள், இன்னொரு கையால் சார் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உட்டுடாதீங்க அம்மிணி" என்றார் சார். கண்ணீர் கண்ணாடிக்குக் கீழே வழிந்துகொண்டிருந்தது. "இன்னும் ரெண்டு திட்டு நேர்லயே திட்டிப்போடுங்க. அப்பத்தானுங்க எனக்கு மனசு ஆறும்."

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மத்தியானச் சோறு திங்காம நீங்க மெலிஞ்சு போயிட்டீங்கன்னு புள்ள சொல்லுச்சு. திட்டறதுக்கே மேல சதையில்லீங்களே சாமி. மொதல்ல வந்து சாப்புடுங்க" என்றார். அத்தனை பேரும் கேண்டீனுக்குப் போனோம்.